படம் எடுத்தால் மட்டும் போதுமா?



இன்றைய அரங்கின் தலைப்பு பலருக்குத் தயக்கம் தரக்கூடியது. தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படங்களையும் அவற்றை எடுக்கும் கலைஞர்களையும் எப்படி ஆதரிப்பது என்பதே அந்தத் தலைப்பு. ஆதரிக்கலாமா கூடாதா என்ற வாதம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஆனால், ஆதரவு என்றால் நடைமுறையில் என்ன செய்வது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை.

இந்த வாழ்க்கையைக் குறிக்க நம் வீடுகளில் வசைச் சொற்கள் பல உண்டு. அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவதற்கான சொல்தான் கிடைப்பதில்லை. ஒரு நல்ல படம் அந்தச் சொல்லைத் தேடித் தருகிறது. அதனால்தான் அது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டு, அனுமதி பெற்று, அரங்கேறி, பத்திரமாக இருந்தால்தான் அம்மாவின் கண்ணில் படும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் போயிற்று. இதைப் புரிந்துகொள்ள, இந்தியாவில், அதிலும் மும்பையில், கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்க்கலாம்.

பன்னிரண்டு நிமிடப் படம்

மும்பையின் பழைய திரைப்பட நிறுவனங்களில் ஒன்று வாடியா மூவிடோன். 1933ல் தொடங்கப்பட்டது. சவுக்கைச் சுழற்றிக்கொண்டு குதிரை ஏறி வரும் 'ஃபியர்லெஸ்' நாடியாவை 1935ல் 'ஹண்டர்வாலி' படத்தின் மூலம் இந்தியா முழுவதும் புகழ்பெறச் செய்தது இந்த நிறுவனம்தான். இதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜே.பி.எச். வாடியாவின் பேரன் ரியாத் வின்சி வாடியா. 1993ல் நாடியாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துப் பெயர் வாங்கியவர்.

1996ல் அவர் 'பாம்கே' என்ற குறும்படத்தை எடுத்தார். பம்பாய் என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற சொல்லைப் பொதிந்த தலைப்பு அது. எழுத்தாளர் ஆர். ராஜ ராவின் கவிதைகளை அடிப்படையாகக் கொண்ட படம். நீளம் பன்னிரண்டு நிமிடம். இந்தியாவில் தன்பாலீர்ப்பைத் தன்பாலீர்ப்பாளர்களே வெளிப்படையாகப் பேசிய முதல் படங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

திரைப்படக் குடும்பத்தில் பிறந்தவர். தொழில் தெரிந்தவர். ஆயினும் அவருடைய படம் திரையரங்குக்கு வரவில்லை. தணிக்கைக் குழுவின் முன் வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. வெளிநாட்டு விழாக்களும் நண்பர்கள் கூடிய தனித் திரையிடல்களுமே அதற்கு வாய்த்தன. 2003 நவம்பரில் ரியாத் வாடியா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 36.

இவருக்குத் திறமையோ துணிச்சலோ குறைவாக இருக்கவில்லை. படம் எடுத்தபின் அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு அன்று இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

சான்றிதழ் கிடைத்தும் தீராத தொல்லை

அதே 1996ல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' வெளிவந்தது. டில்லியில் ஒரு கூட்டுக் குடும்பம். அதில் இரண்டு மருமகள்கள். அவர்களுக்கிடையே மலரும் அன்பு. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்தார்கள். இசை நம் ஏ.ஆர். ரகுமான்.

இந்தியத் தணிக்கைக் குழு பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் தந்தது. 1998 நவம்பரில் படம் திரைக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மும்பையிலும் டில்லியிலும் சிவசேனையினர் திரையரங்குகளுக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள். காட்சிகள் நின்றன. படம் மறுபடியும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டது. 1999 பிப்ரவரியில், ஒரு காட்சியும் வெட்டப்படாமல் மீண்டும் திரையேறியது.

அந்த டிசம்பரில் நடந்த இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. டில்லி ரீகல் திரையரங்கின் முன்னால் பெண்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். நாங்களும் இந்தியர்கள்தான், நாங்களும் இங்கேதான் இருக்கிறோம் என்று பதாகை பிடித்தார்கள். அதுவரை அப்படி வீதியில் நின்று சொன்னவர் அரிது. படத்தைக் காக்க வந்தவர்கள் தங்களையே வெளிப்படுத்திக்கொண்டார்கள். ஒரு படத்துக்கு ஆதரவு தருவது என்பது சில நேரங்களில் அவ்வளவு விலை கேட்கிறது.

வாசலிலே நிற்கும் படங்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்குப் படம் காட்ட வேண்டுமானால் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். ஸ்ரீதர் ரங்கையன் 2003ல் எடுத்த 'குலாபி ஆயினா', அதாவது 'இளஞ்சிவப்புக் கண்ணாடி', அந்தச் சான்றிதழுக்குக் காத்து நின்றது. பெண் வேடமிடும் இருவரும் ஓர் இளைஞனும் ஒரே வீட்டில் கேலியும் பொறாமையும் கண்ணீருமாகப் பழகும் கதை. ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். ஆபாசம் என்று சொல்லித் தணிக்கைக் குழு மறுத்துவிட்டது. அது உலகெங்கும் விழாக்களில் ஓடியது. சொந்த நாட்டில் மட்டும் நுழைவுச்சீட்டு விற்றுக் காட்ட முடியவில்லை.

சான்றிதழ் கிடைத்தாலும் அதன் எழுத்து முக்கியம். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. தொலைக்காட்சி உரிமை விற்பனை சிறிய படங்களுக்கு உயிர்நாடி. அந்த ஓர் எழுத்தினால் அந்த வருமானம் நின்றுவிடும். அடுத்த படத்துக்கு முதல் போட ஆள் வரமாட்டார்.

முன்னோட்டத்துக்கும் இதே கதைதான். 2016ல் ஹன்சல் மேத்தாவின் 'அலிகார்' படத்தின் முன்னோட்டத்துக்கு 'ஏ' தரப்பட்டது. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டு, நீதிமன்றம் வரை சென்று வென்று, பின் சில நாள்களிலேயே இறந்துகிடந்த மராத்திப் பேராசிரியர் ஒருவரின் உண்மைக் கதை அது. முதியவர் ஒருவர் தனிமையில் லதா மங்கேஷ்கர் பாட்டுக் கேட்கும் படம். முன்னோட்டம் 'ஏ' ஆனால், குடும்பப் படங்கள் ஓடும் அரங்குகளில் அதைப் போட முடியாது. முன்னோட்டத்தைப் பார்க்காதவர் படத்துக்கு எப்படி வருவார்?

மறுக்கப்பட்ட படங்களுக்கு முன்பெல்லாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். அதன்பின் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றானது. வழக்கறிஞர் கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. பெரிய நிறுவனம் தாங்கும். கடன் வாங்கிப் படம் எடுத்த இளைஞர் தாங்குவாரா?

நானூறு பேரின் பணம்

அடுத்தது பணம். 2005ல் 'மை பிரதர் நிகில்' எடுத்த இயக்குநர் ஓனிர், தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அவருடைய 'ஐ ஆம்' படத்துக்குப் பணம் போட வழக்கமான தயாரிப்பாளர்கள் முன்வரவில்லை. அவரும் நடிகர் சஞ்சய் சூரியும் ஃபேஸ்புக் வழியாகப் பொதுமக்களிடமே கேட்டார்கள். உலகின் பல ஊர்களிலிருந்து 400க்கும் மேற்பட்டோர் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள்.

நான்கு கதைகள் கொண்ட அந்தப் படத்தில் ஒரு கதை, 377ஆம் சட்டப்பிரிவைக் காட்டி மிரட்டித் தன்பாலீர்ப்பாளர்களிடம் காவலர் பணம் பறிப்பதைப் பற்றியது. 2012ல் அந்தப் படத்துக்குச் சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சந்தை கைவிட்ட படத்தை ஊர் கூடித் தேர் இழுத்ததைப் போல இழுத்து வந்து நிலையில் சேர்த்தார்கள்.

ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பொதுமக்களிடம் ஒரு முறை கேட்கலாம், இரு முறை கேட்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் உண்டியல் குலுக்கி ஒரு கலைஞர் தொழில் நடத்த முடியாது. நிலையான நிதி, பரிசு, மானியம் ஆகியவை வேண்டும்.

பெரிய அரங்கின் கதவு

மூன்றாவது, அரங்கு. 2009 ஜூலை 2ஆம் தேதி டில்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வதைக் குற்றமாக்க 377ஆம் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 2010 ஏப்ரலில், மும்பையில் 'கஷிஷ்' திரைப்பட விழா பிறந்தது. கஷிஷ் என்றால் ஈர்ப்பு என்று பொருள். நடத்தியவர் 'குலாபி ஆயினா'வுக்குச் சான்றிதழ் கிடைக்காமல் நின்ற அதே ஸ்ரீதர் ரங்கையன். தனக்கு மூடிய கதவைப் பிறருக்காகத் திறக்கக் கிளம்பினார்.

அவர் செய்த முக்கியமான காரியம், விழாவைப் பொதுத் திரையரங்குக்குக் கொண்டு வந்தது. விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழிலிருந்து விலக்குக் கேட்டுத் தகவல் ஒலிபரப்பு அமைச்சிடம் முறைப்படி விண்ணப்பிக்கலாம். படங்களின் பட்டியல், கதைச் சுருக்கம் எல்லாம் கொடுக்க வேண்டும். பார்வையாளர்கள் விழாப் பேராளர்களாகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தத் தாள் வேலையைப் பொறுமையாகச் செய்தார்கள். ஒளிந்து பார்த்த படங்களை, அரசு அனுமதியோடு, பாப்கார்ன் வாங்கிக்கொண்டு பார்க்க முடிந்தது.

2013 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டில்லித் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் பழைய நிலைக்குத் திரும்பியது. விழா சுருங்கிவிடும் என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் 2014 மே மாதம் கஷிஷ், தென் மும்பையின் லிபர்ட்டி திரையரங்கில் நடந்தது. 1949ல் திறக்கப்பட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அழகிய அரங்கு அது. குடும்பப் படம் என்றாலே வடநாட்டார் நினைவுக்கு வரும் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' நூறு வாரங்களுக்கு மேல் ஓடிய இடம். கல்யாண வீட்டுப் பாட்டுகள் ஒலித்த அதே கூடத்தில் இந்தப் பிள்ளைகளின் கதைகளும் ஓடின. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் திருத்திக்கொண்டபோது விழாவுக்கு ஏற்கெனவே எட்டு ஆண்டு வயதாகிவிட்டது. 2020, 2021 பெருந்தொற்று ஆண்டுகளில் இணையம் வழியாகவும் நடத்தினார்கள்.

கஷிஷ் வளரும் இந்திய இயக்குநர் ஒருவருக்குப் பணப் பரிசு தருகிறது. அந்தப் பரிசின் பெயர் ரியாத் வாடியா விருது. அவருடைய குடும்ப நிறுவனமான வாடியா மூவிடோன்தான் அதற்குப் பின்னால் நிற்கிறது. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு அரங்கு கிடைக்காமல் போனவரின் பெயரில், அடுத்த தலைமுறைக்கு அரங்கும் பணமும் சேர்ந்து கிடைக்கின்றன.

ரங்கையனுக்கும் காலம் பதில் சொன்னது. 377ஆம் பிரிவால் பாதிக்கப்பட்டோரைப் பற்றி அவர் எடுத்த 'பிரேக்கிங் ஃப்ரீ' ஆவணப்படத்துக்குப் படத்தொகுப்புக்கான தேசிய விருது கிடைத்தது. 2003ல் அவருடைய படத்தை வாசலில் நிறுத்திய அதே அரசு, 2016ல் அந்த விருதை வழங்கியது.

அலமாரியில் கிடந்த வரலாறு

நான்காவது, பாதுகாப்பு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1971ல் பிரேம் கபூர் இயக்கிய 'பத்னாம் பஸ்தி' என்ற இந்திப் படம் வந்தது. கமலேஷ்வரின் நாவலைத் தழுவியது. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் ஒருவரை ஒருவர் நாடும் முக்கோணக் கதை. வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. படச்சுருளே அழிந்துவிட்டது என்று நம்பினார்கள். 2019ல் பெர்லினின் ஆர்சனல் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது.

அதாவது, 1996ல் ரியாத் வாடியா படம் எடுத்தபோது, அவருக்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஒருவர் இந்தப் பாதையில் காலடி வைத்திருந்தார். அந்தக் காலடியைப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் நாமே முதல் ஆள் என்று எண்ணித் தனியாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இவையெல்லாம் நேற்று முளைத்த மேல்நாட்டு வழக்கம் என்று சொல்வோர்க்குப் பதில் சொல்லவும் பழைய படச்சுருள் வேண்டும். படத்தைக் காப்பது படம் எடுப்பதற்குக் குறைந்த தொண்டாகாது.

தமிழுக்கு வரும்போது

தமிழில் என்ன நிலை? திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய 'நான் வித்யா' 2007ல் தமிழில் வந்த தன்வரலாறு. அது கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. புத்தகம் நம் மொழியில்; படம் பக்கத்து மொழியில். 2019ல் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதி திருநங்கையாக நடித்ததற்குத் தேசிய விருது கிடைத்தது. அதே ஆண்டு திரைக்கு வந்த ராமின் 'பேரன்பு' படத்தில் மம்மூட்டிக்கு இணையாக நடித்த அஞ்சலி அமீர் உண்மையிலேயே திருநங்கை. நடிகர் திருநங்கை வேடம் ஏற்பதற்குக் கைதட்டுகிறோம். திருநங்கை ஒருவர் நடிகையாக நிலைத்து வாழ வாய்ப்புத் தருகிறோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலையாளத்தில் 2023ல் ஜியோ பேபி இயக்கிய 'காதல் தி கோர்' வந்தது. ஊராட்சி இடைத்தேர்தலில் நிற்கும் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பது மனைவி தொடுக்கும் மணமுறிவு வழக்கால் வெளியே வருகிறது. நடித்ததோடு பணம் போட்டுத் தயாரித்தவரும் மம்மூட்டிதான். மனைவியாக ஜோதிகா. கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. உச்ச நட்சத்திரம் ஒருவர் பெயரையும் பணத்தையும் முன்வைத்தால் எவ்வளவு தொலைவு போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

அதனால் கதவெல்லாம் திறந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 2022 தொடக்கத்தில் ஓனிரின் இன்னொரு திரைக்கதைக்குத் தற்காப்பு அமைச்சு தடையில்லாச் சான்று தர மறுத்தது. ராணுவத்தினரைப் பற்றிய படங்களுக்கு அந்தச் சான்று தேவைப்படுகிறது. அவருடைய கதையில் வருபவர் தன்பாலீர்ப்பாளரான ஒரு ராணுவ வீரர். தேசிய விருது பெற்ற இயக்குநருக்கே இந்த நிலை.

நேயர்களின் பங்கு

377 என்ற எண் இந்தப் பகுதிக்கும் புதிதன்று. பிரிட்டிஷார் 1860ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிள்ளைகள்தாம் சிங்கப்பூர், மலேசியச் சட்டங்களும். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்க 2022 நவம்பர் 29ஆம் தேதி வாக்களித்தது. ஆனாலும் இத்தகைய படங்களுக்கான வயது வரம்பு விதிகள் தளராது என்று அரசாங்கம் அப்போதே தெளிவுபடுத்தியது. மலேசியாவில் 377ன் வழிவந்த விதிகள் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. தணிக்கையும் கடுமையானது. ஆகவே மும்பையில் செய்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது. சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக்கூடியவை மட்டும் சில உண்டு.

முதலாவது, காசு கொடுத்துப் பாருங்கள். கள்ளப் பதிவிறக்கத்தில் பார்த்துவிட்டு 'நல்ல படம்' என்று பாராட்டுவது கலைஞரின் வீட்டு வாடகையைக் கட்டாது. அரங்கில் ஓடும் சிறிய படத்துக்கு முதல் வாரமே செல்லுங்கள். இரண்டாவது வாரம் அது இருப்பதில்லை. பார்த்தபின் நிலையத்துக்கும் விநியோகிப்பவருக்கும் நாலு வரி எழுதுங்கள். குறை சொல்வோர் தவறாமல் எழுதுகிறார்கள். நிறைவு அடைந்தோர் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். முடிவெடுக்கும் மேசைக்குக் குறைகள் மட்டுமே போய்ச் சேருகின்றன.

இரண்டாவது, மொழி. இந்தி, வங்காளம், மலையாளம் என எந்தப் படமானாலும் பெரும்பாலும் ஆங்கில வசனவரிகளோடுதான் வருகிறது. ஆங்கிலம் நன்கு படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது எட்டும். யாருக்கு அது முக்கியமாக எட்ட வேண்டுமோ, அந்தத் தாய்க்கும் பாட்டிக்கும் எட்டாது. தமிழ் படித்த இளையர்கள், படைப்பாளியின் அனுமதி பெற்று, ஒரு குறும்படத்துக்குத் தமிழில் வசனவரி எழுதித் தந்தால் அது பெருந்தொண்டு.

மூன்றாவது, பாதுகாப்பு. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் எடுத்த குறும்படங்கள் ஒளிநாடாவிலும் குறுந்தட்டிலும் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஒளிநாடா பூசணம் பிடித்துவிடும். வீட்டில் அப்படி ஏதும் இருந்தால் இன்றே புதிய வடிவத்துக்கு மாற்றி வையுங்கள். நம் அலமாரியிலும் ஒரு 'பத்னாம் பஸ்தி' கிடக்கலாம்.

ரங்கையன் 2018ல் 'ஈவ்னிங் ஷேடோஸ்' என்ற படத்தை எடுத்தார். அதுவும் பலர் சேர்ந்து கொடுத்த பணத்தில் உருவானதே. தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றுக்கு மகன் வருகிறான். தான் யார் என்பதை அம்மாவிடம் சொல்கிறான். அதன்பின் அந்த அம்மா என்ன செய்கிறாள் என்பதே படம். பெரிய புரட்சி ஏதும் இல்லை. சமையலறையும் ஆற்றங்கரையும் கணவனுக்குப் பயந்த ஒரு பெண்ணுமே இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஓர் அம்மா ஜூரோங்கிலும் இருப்பார், கிள்ளானிலும் இருப்பார். அவர் மகனோ மகளோ எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்றிரவும் சாப்பாட்டு மேசையில் பேசாமல் இருக்கலாம். அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு நாள் அந்தப் படம் ஓட வேண்டும். அது அந்த வீடு வரை வந்து சேர, முகம் தெரியாத நானூறு பேரின் பணமும், பொறுமையாகப் படிவம் நிரப்பிய ஒருவரின் உழைப்பும், கதவு திறந்துவிட்ட ஒரு திரையரங்கும் தேவைப்பட்டன. கடைசிக் கண்ணியாக இருப்பவர்கள் நேயர்களாகிய நீங்கள்தாம். படம் ஓடும்போது அலைவரிசையை மாற்றாமல் இருந்தாலே அதுவும் ஆதரவுதான்.